தோல்வியில் பங்கு

விளையாட்டு இரசிகர் களத்தில் இறங்குவதில்லை. ஆட்டத்துக்காக அவருக்கு யாரும் ஊதியம் தருவதில்லை. பந்தயம் கட்டும் பழக்கம் இல்லாதவராயின் முடிவு எப்படி அமைந்தாலும் அவர் கையிருப்பில் ஒரு காசு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆயினும் தம் அணி தோற்ற இரவில் அவருக்குச் சோறு இறங்குவதில்லை, உறக்கம் பிடிப்பதில்லை, மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் யாரேனும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் வாடிவிடுகிறது. இதை வேலையற்றவர்களின் வீண் வருத்தம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் கடந்த 50 ஆண்டுகளில் உளவியலாளர்களும் மருத்துவர்களும் பொருளியலாளர்களும் இந்த வருத்தத்தை அளந்து பார்த்தபோது, அது உடலிலும் மனத்திலும் குடும்பத்திலும் சமூகத்திலும் தடம் பதிக்கும் உண்மையான இழப்பு என்பதும், ஒரு மனிதர் தம்மை யாரோடு சேர்த்து எண்ணிக்கொள்கிறார் என்ற கேள்வியிலிருந்து அதைப் பிரிக்க முடியாது என்பதும் தெளிவாகியுள்ளன.

2016 ஆகஸ்ட் 20 அன்று ரியோ டி ஜெனிரோவில் நடந்த ஒலிம்பிக் பூப்பந்து ஆண்கள் ஒற்றையர் இறுதியாட்டத்தில் மலேசியாவின் லீ சோங் வெய், சீனாவின் சென் லோங்கிடம் 18-21, 18-21 என்ற கணக்கில் தோற்றார். பெய்ஜிங்கிலும் லண்டனிலும் தம்மை இறுதியாட்டத்தில் வென்ற லின் டானை அதற்கு முந்தைய நாள்தான் அவர் அரையிறுதியில் மூன்றாவது செட்டில் 22-20 என்று வீழ்த்தியிருந்தார். ஒலிம்பிக்கில் ஒரு தங்கம்கூடக் கண்டிராத நாடு, இம்முறை அது கிடைத்தே தீரும் என்று நம்பியிருந்தது. கேமரன் மலையில் பிரிஞ்சாங் நகரைத் தாண்டி, கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில், காய்கறித் தோட்டங்களுக்கும் தேயிலைச் சரிவுகளுக்கும் நடுவே அமைந்த கியா பார்ம் போன்ற ஒரு சிற்றூருக்கு ரியோ உலகின் மறுபக்கம். லீ சோங் வெய் அந்த மலையைச் சேர்ந்தவரல்லர். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் மொழியைப் பேசுபவரும் அல்லர். இருந்தும் அந்தச் சனிக்கிழமைத் தோல்வி நாடெங்கும் தோட்ட வீடுகளையும் கோப்பிக்கடைகளையும் துக்கவீடு போல ஆக்கிற்று என்றால், அந்தத் துக்கம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாக வேண்டும்.

முதலில் உடலைப் பார்ப்போம். டெஸ்டோஸ்டிரோன் என்பது போட்டி, ஆதிக்கம், துணிவு ஆகியவற்றோடு தொடர்புடைய இயக்குநீர், அதாவது சுரப்பிகள் இரத்தத்தில் கலந்துவிடும் வேதிப்பொருள். போட்டியிட்டு வென்ற ஆணிடம் அது கூடுவதும் தோற்றவரிடம் குறைவதும் விலங்குகளிலும் மனிதர்களிலும் முன்பே காணப்பட்டவை. 1994 உலகக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டத்தை அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் தொலைக்காட்சியில் பார்த்த பிரேசில், இத்தாலி இரசிகர்களிடம் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் உமிழ்நீர் மாதிரி எடுத்து ஆராய்ந்த குழு ஒன்று, வென்ற பிரேசிலின் ஆதரவாளர்களிடம் இந்த இயக்குநீர் உயர்ந்ததையும் இத்தாலி ஆதரவாளர்களிடம் இறங்கியதையும் 1998 இல் வெளியிட்டது. ஆய்வில் பங்கேற்றவர்கள் சிலரே என்பதால் அதன் மீது பெரும் கட்டடம் எழுப்பக் கூடாது. எனினும் நாற்காலியில் அமர்ந்து பார்த்தவரின் உடல், தானே ஆடித் தோற்றதைப் போல நடந்துகொண்டது என்பது கவனத்துக்குரியது.

இதயத்தைப் பற்றிய சான்றுகள் இதைவிட உறுதியானவை. 1998 ஜூன் 30 அன்று உலகக் கிண்ணக் காற்பந்தில் இங்கிலாந்து அணி பெனால்டி உதைகளில் அர்ஜென்டினாவிடம் தோற்றது. அந்நாளிலும் அடுத்த இரண்டு நாட்களிலும் மாரடைப்புக்காக இங்கிலாந்து மருத்துவமனைகளில் சேர்ந்தோரின் எண்ணிக்கை ஏறத்தாழ 25 விழுக்காடு அதிகரித்தது. 2006 உலகக் கிண்ணத்தின்போது மியூனிக் நகரிலும் சுற்றுப்புறத்திலும் நடந்த ஆய்வில், ஜெர்மனி ஆடிய நாட்களில் இதய அவசர நிகழ்வுகள் இயல்பு நாட்களைப் போல 2.66 மடங்காக இருந்தன. அவற்றில் மிகக் கூடிய நாட்களுள் ஒன்று, ஜெர்மனி அர்ஜென்டினாவைப் பெனால்டி உதைகளில் வென்ற நாள். ஆகவே இதயத்தைத் தாக்குவது தோல்வி மட்டுமன்று, முடிவு தெரியாமல் தவிக்கும் அந்த நேரமும்தான். ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்கள் ஆட்டநாளில் மருந்தைத் தவறவிடக் கூடாது என்பது இந்த ஆய்வுகளிலிருந்து நேரடியாகப் பெறக்கூடிய பயன்.

உடல் ஏன் இப்படி ஏமாறுகிறது என்பதற்கு உளவியல் தரும் விடை, சமூக அடையாளக் கோட்பாடு எனப்படுகிறது. ஒரு மனிதர் தம்மைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணத்தில் பெயர், தொழில், குணம் ஆகிய தனிப்பட்ட கூறுகளோடு, தாம் சேர்ந்துள்ள குழுக்களும் ஒரு பங்கு வகிக்கின்றன என்பதும், குழுவின் ஏற்றத்தாழ்வு அப்பங்கின் வழியே அவருடைய தன்மதிப்பைத் தொடுகிறது என்பதும் அதன் சாரம். இதை உருவாக்கியவர்களுள் முதன்மையான ஹென்றி தாஜ்ஃபெல், போலந்தில் பிறந்து நாஜி இனப்படுகொலையில் தம் குடும்பத்தை இழந்த யூதர். மனிதர்கள் எவ்வளவு சிறிய காரணத்துக்காக ‘நம்மவர்’, ‘மற்றவர்’ என்று பிரிகிறார்கள் என்ற கேள்வி அவருக்கு வெறும் கல்விக்கூடக் கேள்வியன்று. 1970களின் தொடக்கத்தில் பிரிஸ்டல் நகரப் பள்ளிச் சிறுவர்களிடம் அவர் நடத்திய சோதனையில், இன்ன ஓவியரை விரும்புபவர்கள் என்ற பெயரில் பிரிக்கப்பட்ட சிறுவர்கள், தங்கள் குழுவில் யார் இருக்கிறார்கள் என்றே அறியாத நிலையிலும், பணத்தைப் பங்கிடும்போது தம் குழுவுக்கே சலுகை காட்டினர். வெறும் பெயரளவிலான குழுவே இவ்வளவு செய்யுமானால், கொடியும் நிறமும் பாட்டும் தலைமுறை நினைவும் சேர்ந்த ஓர் அணி என்ன செய்யும் என்பதை ஊகிக்கலாம்.

இதன் இரு பக்கங்களையும் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்துள்ளனர். இராபர்ட் சியால்டினியும் உடன் ஆய்ந்தோரும் 1973 இல் ஏழு பல்கலைக்கழகங்களில் திங்கட்கிழமைதோறும் மாணவர்களின் உடைகளைக் கணக்கெடுத்தபோது, வார இறுதியில் தம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் காற்பந்து அணி வென்றிருந்தால் அதன் பெயர் பொறித்த சட்டைகள் கூடுதலாகத் தென்பட்டன. தொலைபேசியில் கேட்டபோது வெற்றியை ‘நாம்’ என்றும் தோல்வியை ‘அவர்கள்’ என்றும் சொல்லும் போக்கு காணப்பட்டது. பிறர் ஒளியில் தாமும் மின்னுவது என்று இதைச் சொல்லலாம். இதன் மறுதலை, தோற்ற குழுவிலிருந்து தம்மை அறுத்துக்கொள்வது. ஆனால் எல்லா இரசிகர்களாலும் அப்படி அறுத்துக்கொள்ள இயலாது என்பதை 1990 இல் டேனியல் வானும் நைலா பிரான்ஸ்கோம்பும் காட்டினர்: அணியோடு ஆழ்ந்து ஒன்றியவர்கள் வெற்றியில் மின்னுவதில் முந்துகிறார்கள், தோல்வியில் விலகுவதில் பிந்துகிறார்கள். 1992 இல் வெளியான எட்வர்ட் ஹர்ட் குழுவின் ஆய்வு இன்னும் உள்ளே சென்றது. இந்தியானா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் ஆட்டத்தைப் பார்த்து முடித்த இரசிகர்களிடம், தாங்களே சில சிறு சோதனைகளில் எவ்வளவு நன்றாகச் செய்வார்கள் என்று மதிப்பிடச் சொன்னபோது, அணி தோற்றதைப் பார்த்தவர்கள் அணியின் எதிர்காலத்தை மட்டுமன்றித் தம் திறமையையும் குறைத்தே மதிப்பிட்டனர். பந்து கூடையில் விழாததற்கும் பார்த்தவரின் சொல்லாற்றலுக்கும் என்ன தொடர்பு? அணி அவருக்குள் இருக்கிறது என்பதைத் தவிர வேறு தொடர்பு இல்லை.

இந்த இடத்தில் மலைத்தோட்டங்களின் வரலாறு முக்கியமாகிறது, ஏனெனில் எந்தக் குழுவில் ஒருவர் ஆழ்ந்து ஒன்றுகிறார் என்பது அவருக்கு வேறு எந்தக் குழுக்களின் கதவுகள் திறந்திருந்தன என்பதைப் பொறுத்தது. கேமரன் மலையில் தேயிலைத் தொழில், 1929 இல் ஜே. ஏ. ரசல் நிறுவிய போ நிறுவனத்தோடு வேரூன்றியது. கொழுந்து பறிக்கவும் ஆலையில் வேலை செய்யவும் வந்து தங்கியவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர். கியா பார்முக்கு அடுத்துள்ள சுங்கை பாலாஸ் தோட்டத்திலும் மற்றத் தோட்டங்களிலும் லயன் வீடுகளும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் அவர்களைச் சுற்றியே எழுந்தன. 1957 இல் நாடு விடுதலை பெற்ற பிறகும் தோட்டத் தமிழர்களில் பலருக்குக் குடியுரிமை கைகூடவில்லை. 1969க்குப் பின் குடியுரிமை அற்றோர் வேலை உரிமம் பெற வேண்டும் என்ற விதி வந்தபோது மலேசியத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. நாட்டில் உழைப்பவர் நாட்டினர் ஆவாரா என்ற கேள்வி தாள்களிலும் அலுவலகங்களிலும் இழுபட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்கத்திலிருந்து வானொலியில் வந்த காற்பந்து நேர்முக வருணனை ஆறுமுகம், சந்திரன், தனபாலன், இராஜகோபால் என்ற பெயர்களை எந்த அடைமொழியும் இன்றி நாட்டின் பெயர்களாகவே ஒலித்தது. பூப்பந்தில் சிரம்பானில் பிறந்த பஞ்ச் குணாளன் 1971 இல் இங் பூன் பீயுடன் இணைந்து அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தை வென்றார். 1974 இல் அதே போட்டியின் ஒற்றையர் இறுதியாட்டத்தில் இந்தோனேசியாவின் ரூடி ஹார்த்தோனோவிடம் தோற்றபோது அது மலேசியர் அனைவரின் தோல்வியாகவும் ஆனது. தேசிய அணியின் தோல்வியில் வருந்துவதற்குக் குடியுரிமைச் சான்றிதழ் தேவைப்படவில்லை. அந்த வருத்தம், யாரும் வழங்காமலேயே எடுத்துக்கொள்ளப்பட்ட ஓர் உறுப்பினர் உரிமை.

களத்தில் நேராத தோல்வி ஒன்றும் அந்தத் தலைமுறைக்கு வாய்த்தது. 1980 ஏப்ரல் 6 அன்று மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மலேசியக் காற்பந்து அணி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. நீண்ட கைகளுக்காக ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைக்கப்பட்ட ஆறுமுகம் அன்று கோல்காவலர். ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் நுழைந்ததை எதிர்த்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. வென்ற அணி போகவேயில்லை. 1988 இல் ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்தார். 2016 இல் ‘ஓலா போலா’ என்ற திரைப்படம் அந்த அணியின் கதையைத் தழுவி வந்து மலாய், சீன, இந்திய மூவினத்தாரையும் திரையரங்குக்கு இழுத்தது என்றால், 36 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஏமாற்றம் ஆறியிருக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

நிறைவேறாமல் நழுவிய வெற்றி, தெளிவான தோல்வியைவிடக் கூடுதலாக ஏன் உறுத்துகிறது? டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979 இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, மனிதர்கள் இலாபத்தையும் இழப்பையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை. ஒரே அளவுள்ள இலாபம் தரும் மகிழ்ச்சியைவிட இழப்பு தரும் வலி பெரிது. இதற்கு இழப்பச்சம் என்று பெயரிடலாம். காற்பந்தில் இது எவ்வளவு என்பதைப் பிரிட்டனின் பீட்டர் டால்டனும் ஜார்ஜ் மக்கெரனும் 2018 இல் கணக்கிட்டனர்: கைப்பேசிச் செயலி வழியே 32,000 பேர் அவ்வப்போது பதிவுசெய்த மனநிலைகளை ஆட்ட முடிவுகளோடு ஒப்பிட்டபோது, ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்தில் தோல்வி தந்த வேதனை, வெற்றி தந்த மகிழ்ச்சியைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது, பல மணி நேரம் நீடிக்கவும் செய்தது. கணக்குப்படி பார்த்தால் இரசிகராக இருப்பது நட்டத்தொழில்.

இழப்பு என்பது எதனோடு ஒப்பிட்டு இழப்பு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2014 டிசம்பர் 20 அன்று புக்கிட் ஜாலில் அரங்கத்தில் தென்கிழக்காசியக் காற்பந்துக் கிண்ண இறுதிச்சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில், பாங்காக்கில் 0-2 என்று தோற்றுத் திரும்பியிருந்த மலேசியா 3-0 என்று முன்னிலை பெற்றது. கிண்ணம் கைக்குள் வந்துவிட்ட நிலையில், கடைசிப் பத்து நிமிடங்களில் தாய்லாந்து இரண்டு கோல்கள் போட்டு மொத்தக் கணக்கில் 4-3 என்று பறித்துச் சென்றது. ஆட்டத்தை 3-2 என்று வென்ற அணியின் இரசிகர்கள் தோற்றவர்களாக வீடு திரும்பினர். பாங்காக்கில் தோற்ற நாளோடு ஒப்பிட்டால் அது பெரிய மீட்சி. கைக்கு வந்துவிட்ட கிண்ணத்தோடு ஒப்பிட்டால் பெரிய இழப்பு, மனமோ மயிரிழையில் மாறியிருக்கக்கூடிய முடிவோடுதான் ஒப்பிடுகிறது. 1992 பார்சலோனா ஒலிம்பிக் காட்சிகளை வைத்து மெட்வெக், மாடி, கிலோவிச் ஆகியோர் நடத்தி 1995 இல் வெளியிட்ட ஆய்வில் வெள்ளி வென்றவர்களின் முகத்தைவிட வெண்கலம் வென்றவர்களின் முகத்தில் மகிழ்ச்சி மிகுந்திருந்ததற்கும் இதுவே காரணம்: வெள்ளி தங்கத்தைப் பார்க்கிறது, வெண்கலம் வெறுங்கையைப் பார்க்கிறது. மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அதே பார்சலோனாவில் ராசிப், ஜலானி சிடேக் சகோதரர்கள் பெற்ற வெண்கலம். நாடு அதைக் கொண்டாடியது. லீ சோங் வெய்யின் மூன்று வெள்ளிகள் தர அளவில் அதைவிட உயர்ந்தவை என்றாலும், அவற்றை மலேசிய இரசிகர்கள் நினைவுகூர்வது பெருமூச்சோடுதான்.

இந்த வேதனை எப்போதும் வேதனையாகவே நின்றுவிடுவதில்லை. டேவிட் கார்டும் கோர்டன் டாலும் 2011 இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கக் காற்பந்தில் வெல்லும் என்று பரவலாக எதிர்பார்க்கப்பட்ட உள்ளூர் அணி தோற்ற நாட்களில், வீட்டில் பெண்கள் மீது ஆண்கள் நடத்தும் வன்முறைப் புகார்கள் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடியதைக் காட்டியது. தோற்கும் என்று எதிர்பார்த்த அணி தோற்றபோது அவ்வாறு கூடவில்லை. ஆட்டத்தில் எந்தப் பங்கும் இல்லாத ஒரு பெண் அதன் விலையைக் கொடுக்கிறாள் என்பதை, இரசிகர்களின் பற்றைப் புகழ்ந்து எழுதும் நூல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. பேசியாக வேண்டும்.

தோல்வியின் பழி குடும்பத்துக்கு வெளியேயும் ஆள் தேடுகிறது. 2021 அக்டோபர் தொடக்கத்தில் பின்லாந்தின் வான்டா நகரில் நடந்த சுடிர்மான் கிண்ணப் பூப்பந்து அரையிறுதியில் மலேசியா ஜப்பானிடம் 1-3 என்று தோற்றது. பெண்கள் ஒற்றையரில் அகானே யமகுச்சியிடம் தோற்றவர் சிரம்பானைச் சேர்ந்த கிசோனா செல்வதுரை. 2019 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் நாட்டுக்குத் தங்கம் வென்ற அவருக்கு வான்டாவில் ஆடியபோது வயது 23. அந்தத் தோல்விக்குப் பின் அரசியல் கட்சியொன்றின் வட்டாரப் பொறுப்பாளர் ஒருவர், இந்தியர்களை இழிவுபடுத்தும் சொல்லால் அவரைக் குறித்து, எந்த எஸ்டேட்டிலிருந்து பிடித்து வந்தார்கள் என்ற பொருளில் சமூக ஊடகத்தில் எழுதினார். எஸ்டேட் என்ற அந்த ஒரு குத்து, கேமரன் மலையின் லயன் வீடுகள் உட்பட, இந்நாட்டில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒவ்வொருவரையும் தொட்டது.

குழு உளவியலில் கருப்பு ஆட்டு விளைவு என்று ஒன்று உண்டு. ஒரே தவற்றைச் செய்த அயலாரைவிடத் தம் குழுவைச் சேர்ந்தவரை மனிதர்கள் கடுமையாகத் தண்டிக்கிறார்கள் என்பதை மார்க்கேஸ், ஈசர்பிட், லெயன்ஸ் ஆகியோர் 1988 இல் காட்டினர். தோற்ற ஆட்டக்காரரைச் சொந்த நாட்டு இரசிகர்களே வசைபாடுவது பெரும்பாலும் இந்த வகை. ஆனால் கிசோனாவுக்கு நேர்ந்தது அதைக் கடந்தது. கருப்பு ஆடு மந்தைக்குள் இருக்கிறது; இங்கோ தோல்வியின் வலியைத் தீர்த்துக்கொள்ள ஆட்டக்காரரையே ‘நம்மவர்’ என்ற வட்டத்துக்கு வெளியே தள்ளும் முயற்சி நடந்தது. அவர் நம்மவர் அல்லர் எனில் தோற்றதும் நாமல்லோம் என்பது அதன் உள்தர்க்கம். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2021 ஜூலையில், ஐரோப்பியக் கிண்ண இறுதியில் பெனால்டியைத் தவறவிட்ட இங்கிலாந்தின் ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாக்கா ஆகிய மூவரும் நிறத்தின் பெயரால் தாக்கப்பட்டதும், 2018 இல் ஜெர்மானிய அணியிலிருந்து விலகிய மெசுத் ஓசில், வென்றால் தாம் ஜெர்மானியர், தோற்றால் குடியேறி என்று மனம் கசந்ததும் இதே வகை. சிறுபான்மை ஆட்டக்காரர் வெல்லும்போது நாட்டின் பெயரைச் சுமக்கிறார். தோற்கும்போது தம் இனத்தின் பெயரைச் சுமக்க வைக்கப்படுகிறார்.

அந்த முயற்சி மலேசியாவில் எளிதில் எடுபடவில்லை. அமைச்சர்களும் விளையாட்டு வீரர்களும் எல்லா இனத்துப் பொதுமக்களும் கண்டித்தனர். எழுதியவர் மன்னிப்புக் கேட்டார். ஒரு தோல்வியை மையமாக வைத்து நாடு ‘நாம் யார்’ என்று வெளிப்படையாக வாதிட்ட அரிய தருணம் அது, எந்த வெற்றி ஊர்வலமும் அந்தக் கேள்வியை அவ்வளவு கூர்மையாக எழுப்பியதில்லை.

வெற்றி இரசிகர்களைக் கூட்டுகிறது, தோல்வியோ எஞ்சியவர்களை இறுக்கிப் பிணைக்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ஒருவருடைய தன்னுணர்வும் குழுவுணர்வும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும் நிலையை ஆய்வாளர்கள் அடையாள இணைவு என்பர். மார்த்தா நியூசனும் ஹார்வி வைட்ஹவுசும் உள்ளிட்டோர் இங்கிலாந்துப் பிரீமியர் லீக்கில் பத்தாண்டுகளில் அதிகம் வென்ற ஐந்து குழுக்களின் இரசிகர்களையும் அதிகம் தோற்ற ஐந்து குழுக்களின் இரசிகர்களையும் ஒப்பிட்டு, தோற்ற குழுக்களின் இரசிகர்களிடமே இணைவு வலுவாக இருந்ததை 2021 இல் வெளியிட்டனர். சேர்ந்து பட்ட துன்பத்தை மனிதர் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறார்; அந்த எண்ணமே அவரை உடன்பட்டவர்களோடு கட்டுகிறது. தோட்டக் குடும்பங்களின் நினைவில் பஞ்ச காலமும், ‘ஜப்பான்காரன் காலம்’ எனப்பட்ட போர்க்கால ஜப்பானிய ஆட்சியும் நின்ற இடத்தைத் தெரிந்தவர்களுக்கு இந்த முடிவு வியப்பளிக்காது.

கேமரன் மலை அமைந்துள்ள பகாங் மாநிலத்தின் காற்பந்து அணியின் கதையில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். ‘தோக் காஜா’ எனப்படும் அந்த அணியின் சொந்த அரங்கம் இருந்த குவாந்தான், கேமரன் மலையிலிருந்து தீபகற்பத்தின் கிழக்குக் கரையில், பல மணி நேரப் பயணத் தொலைவில் உள்ளது. மலையின் பழைய சாலை இறங்குவதோ பேராக் மாநிலத்துக்கு. அவ்வளவு தொலைவிலும் பகாங்கின் ஆட்டக்காரர்களைத் தம்மவராகக் கொண்ட மலைவாசிகளுக்கு 1983, 1992, 2013, 2014 ஆகிய ஆண்டுகளின் மலேசியக் கிண்ண வெற்றிகள் கிடைத்தன. 1994 டிசம்பரில் ஷா ஆலாம் அரங்கத்தில் சிங்கப்பூரிடம் 0-4 என்று தோற்ற இறுதியாட்டமும் கிடைத்தது. அந்த வெற்றியோடு சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகிக்கொண்டதால், பகாங்குக்கு மறுமுறை மோதித் தீர்த்துக்கொள்ளும் வாய்ப்பும் உடனே வரவில்லை.

2025 ஏப்ரல் 26 அன்று புக்கிட் ஜாலிலில், இப்போது ஸ்ரீ பகாங் என்ற பெயரில் ஆடிய அந்த அணி மலேசியக் கிண்ண இறுதியில் ஜொகூர் டாருல் தாக்சிமிடம் 1-2 என்று தோற்றது. அதே ஆண்டில், அடுத்த பருவத்தின் மலேசிய சூப்பர் லீக்கில் தான் ஆடப்போவதில்லை என்று அந்த அணி அறிவித்தது. இதுவரை கண்ட ஆய்வுகள் பெரும்பாலும் அடுத்த ஆட்டம் ஒன்று உண்டு என்ற அடிப்படையில் நடந்தவை: ஆட்ட முடிவு தம் மனநிலையை எவ்வளவு நாள் பாதிக்கும் என்று இரசிகர்கள் மிகைப்படக் கணிக்கிறார்கள் என்று டிமோத்தி வில்சன் குழு 2000 இல் கண்டதும், வாழ்வின் மற்ற வேலைகளும் அடுத்து வரும் நாட்களும் அந்தப் பாதிப்பை விரைவில் மூடிவிடுகின்றன என்பதால்தான். அடுத்த ஆட்டமே இல்லாதபோது இறுதியாட்டத் தோல்வி, மறுபருவத்தால் மூடப்படாமல், கடைசி நினைவாகத் தங்கிவிடுகிறது. ஆழ்ந்து ஒன்றிய இரசிகர்கள் விலகத் தெரியாதவர்கள் என்று வானும் பிரான்ஸ்கோம்பும் கண்டது சரியென்றால், அவர்கள் வேறு மாநிலத்தின் சட்டையை அத்தனை எளிதில் அணிந்துகொள்ளப் போவதும் இல்லை.